வளர்த்திக்கு விட்ட துணி

பெரியப்பா தையல்காரர். உத்தமபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு மிஷினும் ஒரு வெட்டு மேசையும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை அவருடையது. உத்தமுத்து வாய்க்கால் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சையும் இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் இந்த இரண்டையும் ஒருவரே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் இருக்கிற வருடங்களில் முதல் போகத்துக்கு மதகு திறப்பது ஜூன் 1. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன் தொடக்கம்தான். ஊரில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காக்கி டவுசரும் வெள்ளைச் சட்டையும் கேட்டு அம்மாக்கள் கடை வாசலில் நிற்கிற வாரத்தில்தான் நாற்றங்காலுக்குச் சேறு கலக்க வேண்டும். முதல் போகம் அறுப்பு முடிந்து இரண்டாம் போகத்துக்கு விதை நனைக்கிற நேரத்தில் தீபாவளி வந்து நிற்கும். வருடத்தில் இரண்டு முறை அவர் தூங்காத மனிதர்.

லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை ஆற்றையொட்டி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்தக் கணக்கில் பெரியப்பாவின் ஒன்றேகாலும் அடக்கம் என்று நினைத்துக்கொள்வதில் சின்ன வயதில் எனக்கு ஒரு பெருமை. பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி என்று பேப்பரில் வரும் செய்தியை அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் படிப்பார். கடைக்கு வருகிறவர்களும் முதலில் கேட்பது அதைத்தான். “தண்ணி எங்குன வந்துருச்சு?” என்று ஒருவர் கேட்க, “கூடலூரு தாண்டிருச்சாம், பொழுதுக்குள்ள இங்க வந்துரும்” என்று இன்னொருவர் சொல்ல, பெரியப்பா வாயில் குண்டூசியைக் கடித்தபடி தலையை மட்டும் ஆட்டுவார். அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு மண்வெட்டியோடு மடைக்குப் போய்விடுவார்.

போன ஐப்பசியில் அவர் இறந்தார். எண்பதைத் தாண்டிய வயது, இரண்டு மாதம் படுக்கை, வீட்டிலேயே முடிந்தது. கேதம் கேட்க வந்த கூட்டத்தைப் பார்த்து எங்களுக்கே திகைப்பாக இருந்தது. ஜவுளிக்கடை ராவுத்தர், வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போகிற பெண்கள், பேருகூட எங்களுக்குத் தெரியாத டிரைவர்கள், ஒரு காலத்தில் அவரிடம் காஜா எடுத்துப் பழகி இன்று திருப்பூரில் வேலை பார்க்கிற ஆட்கள். நீர்மாலை எடுத்து வரும்போது தெரு அடைத்துப் போயிற்று. ராவுத்தர் திண்ணையில் உட்கார்ந்து, “மச்சான் போட்ட பட்டன் ஒண்ணு தெறிச்சுப் பாத்ததில்ல” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஐம்பது வருடமாக மச்சான்தான்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வாசகம் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. நாலு எழுத்து எழுதுகிறவன் என்று பெயர் வாங்கினால் இது தப்பாது. கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த வாசகங்களைக் காட்டினார். ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்த தியாகச் சுடரே’, ‘தன்னை உருக்கித் தம்பிகளை வளர்த்த தெய்வமே’. எதைத் தொட்டாலும் அவருக்குப் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிற கதையும் இதேதான். தாத்தாவுக்கு முடியாமல் போனது, மூத்தவர் படிப்பை விட்டார், மிஷினில் உட்கார்ந்தார், மூன்று தம்பிகளைப் படிக்க வைத்தார், ஒரு தங்கையைக் கட்டிக் கொடுத்தார், அதன் பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று நின்றார். என் அப்பா ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படித்ததற்குப் பணம் கட்டியது பெரியப்பாவின் மிஷின்தான். 1956-இல் அந்தக் கல்லூரி வராமல் இருந்திருந்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதுரைக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும். அது நடந்திருக்காது என்று அப்பாவே பல தடவை சொல்லியிருக்கிறார்.

இதில் எதுவும் பொய்யில்லை. என்றாலும் ஃப்ளெக்ஸ் கடையில் அந்த வாசகங்களைப் பார்த்தபோது மனது ஒப்பவில்லை. காரணம், அவரே ஒருமுறை என்னிடம் சொன்னது. நான் காலேஜில் இருந்தபோது, எங்களுக்காகப் படிப்பை விட்டீர்களே என்று உருகிப்போய் ஏதோ கேட்டுவிட்டேன். காலர் பட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “யாருடா சொன்னது? எனக்குப் படிப்பு பிடிக்கல. துணி பிடிச்சுச்சு. எங்கய்யாவுக்கு முடியாமப் போகலைன்னாலும் நான் இங்கனதான் வந்து உக்காந்துருப்பேன்.” பிறகு ஒரு கத்தைத் துணியை என் பக்கம் தள்ளி, இது மில் துணி, இது விசைத்தறி, தடவிப் பார், வித்தியாசம் தெரிகிறதா என்று ஆரம்பித்துவிட்டார். நான் கேட்ட கேள்வியை அவர் பொருட்படுத்தவே இல்லை.

அவர் துணியை ரசித்தவர். வெட்டுவதற்கு முன் துணியை உதறி, நூலோட்டம் பார்த்து, மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவார். அந்த ஒரு நீவலில் அவசரம் எதுவும் நெருங்காது. வாசலில் எத்தனை பேர் நின்றாலும் சரி. அப்புறம் சாக்குக்கட்டியால் கோடு. பள்ளிக்கூட டவுசருக்கு அளவு எடுக்கும்போது, “வளர்ற பய, வளர்த்திக்கு விட்டுத் தைங்க” என்று எல்லா அம்மாவும் சொல்வார்கள். எல்லாத் தையல்காரரும் அடியில் இரண்டு இஞ்ச் மடித்து விடுவதுதான். ஆனால் அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தே போன வருடத்து டவுசர் என்று மற்றப் பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியப்பா அந்த மடிப்பை ஒரே இடத்தில் அழுத்தித் தைக்க மாட்டார். இரண்டாக மடித்து, உள்ளே தளர்வாகக் கைத்தையல் போட்டு, இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைக்கவே விட மாட்டார். இறக்கும்போது கோடு பேருக்குத்தான் இருக்கும். அதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் பிடிக்கும். கூலியில் ஒரு பைசா ஏறாது. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. காஜா எடுத்த ஆட்களில் ஒருவர் கருமாதி அன்று என்னிடம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த அரை மணி நேரத்தைத் தியாகம் என்று சொன்னால் அவருக்கே பிடித்திருக்காது. அது ஒரு வேலைக்காரனின் ருசி. தன் கையிலிருந்து போகிற பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற கர்வம். அன்பும் அதற்குள் இருந்தது. ஏழைப் பையனின் கூச்சத்தைத் தெரிந்துகொண்ட அன்பு. ஆனாலும் அந்த அன்பு வேலையின் வழியாகத்தான் வெளியே வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மேல் பிரியம் வந்துவிட்டால் உடனே அவர் எதையாவது இழந்ததாகச் சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்தவர். அவர் பிறந்த நாளும் பொங்கலும் சேர்ந்து வருவதால் பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்தே பொங்கல் வைக்கிறார்கள். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் எழுந்தது. பெரியப்பா கடையிலும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசையும் கோட்டுமாக அவர் படம் தொங்கியது. யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணை கட்டினார் என்பதை. ஆனால் அணை மதராஸ் அரசாங்கத்தின் பணத்தில் கட்டப்பட்டது. சொத்து விற்ற கதைக்கு ஆவணம் எதுவும் அகப்படவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். அதனால் அவர் பெருமை ஒரு துளி குறையுமா? 1887-இல் தொடங்கிய வேலை. காட்டாற்றுக்கு நடுவே தற்காலிகத் தடுப்பைக் கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலில் கூலிக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்த காரையில் அணையை எழுப்பி, மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895 அக்டோபரில் வென்லாக் பிரபு கையால் திறந்தாயிற்று. இது ஒரு பொறியாளரின் பிடிவாதம். பேர் தெரியாத ஆயிரக்கணக்கான கூலிகளின் உயிர். இவ்வளவு பெரிய விஷயம் கைவசம் இருக்க, நாம் நகை விற்ற கதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். நன்றி மிகுந்துபோய்ச் சொல்கிற கதை என்பது எனக்குப் புரிகிறது. அந்த நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன்தான் நானும்.

இதே உத்தமபாளையம் வட்டத்தில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான பாவலர் வரதராசனைப் பற்றி வெளியே தெரிந்ததெல்லாம் இளையராஜாவின் அண்ணன் என்பது ஒன்றுதான். அப்பா டேனியல் ராமசாமி போன பிறகு, இளையராஜாவின் தாய் சின்னத்தாயம்மாளோடு சேர்ந்து அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் மூத்தவரான அவர். தம்பிகள் பாஸ்கரையும், பின்னாளில் இளையராஜாவான ராசையாவையும், அமரையும் தன் கச்சேரியிலேயே சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பதினைந்து வயதுக்குள் அண்ணனின் குழுவுக்கு வந்து சேர்ந்த ராசையா, குரல் உடைகிறவரை பெண் குரலில் பாடினார். அதற்கப்புறம் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். தம்பிகள் பின்னால் மதராசுக்கு ரயில் ஏறினார்கள். 1976-இல் ராசையா இசையமைத்த ‘அன்னக்கிளி’ வந்தது. அண்ணன் மறைந்த பிறகு அவர் பெயரிலேயே ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ தொடங்கி, 1981-இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’யை எடுத்தார்கள். மூத்தவருக்குத் தம்பிகள் செய்கிற மரியாதை இதைவிட என்ன இருக்க முடியும்!

பெரியப்பாவுக்குப் பாவலரைத் தெரிந்தது வேறு விதமாக. மைதானத்தில் மண்ணைக் கூட்டி உட்கார்ந்து அவர் கச்சேரியைக் கேட்டிருக்கிறார். பெரியப்பா எந்தக் கட்சியும் இல்லை. ஆனாலும் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டம் என்றால் பாட்டுக்காகப் போவாராம். பேச்சாளர் எழுந்ததும் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விட்டு, பாவலர் ஆர்மோனியத்தைத் தொட்டதும் திரும்பி வந்துவிடும் என்பார். சினிமா மெட்டையே எடுத்து அதில் விலைவாசியையும் பண்ணையாரையும் வைத்துக் கட்டிவிடுவாராம். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாடியதும் ரோசம்மா ஜெயித்ததும் இங்கே உள்ள வயசாளிகள் இன்றும் சொல்லுகிற கதை. மலைக்கு மேலே வேலைக்குப் போயிருந்தவர்கள் எல்லாம் எங்கள் ஊர்ச் சனம்தானே. “அந்தாளு பாடுறப்ப முகத்தப் பாக்கணும்டா. தனக்காகத்தேன் பாடிக்கிருவாரு. நம்ம கேக்குறம்ங்கிறது அப்புறம்.” இதைச் சொல்லும்போது பெரியப்பாவின் முகமே கொஞ்சம் மாறும். வேலையில் தோய்ந்த ஒருத்தரை இன்னொருத்தர் அடையாளம் கண்டுகொண்ட மாதிரி.

பாவலரைத் தம்பிகளுக்கு ஏணியாக நின்றவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அந்த மைதானமும் அந்தப் பாட்டும் அந்த முகமும் எங்கே போகும்? அவர் பாடியது தம்பிகளுக்கு ஒரு பாதை போடுவதற்காக இல்லை. பாட்டு வந்ததால் பாடினார். ஜனங்களின் கஷ்டம் தெரிந்ததால் அந்தப் பாட்டைப் பாடினார். அதன் ஓரத்தில் நின்று கேட்டதனாலேயே தம்பிகளுக்கும் பாட்டு வந்தது. இன்னொருவரின் முன்கதையாக ஒரு மனிதரை ஆக்கிவைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியப்பாவை எங்கள் படிப்புக்கு முன்கதையாக்குகிறபோதும் இதையேதான் செய்கிறோம்.

அவருக்கென்று தனியாக ஆசைகள் இருந்தன. பன்னீர் திராட்சையை, கம்பத்துக் கொடியில் பறித்து அன்றைக்கே வந்ததாக இருந்தால் மட்டும்தான் தின்பார். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வருடா வருடம் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, ராட்டினக் கூட்டத்தில் நின்று போகிறவர் வருகிறவர் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். தோள் இறங்கித் தைத்த சட்டை கண்ணில் பட்டால் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். கோபமும் உண்டு. தண்ணீர் முறையில் பக்கத்து வயல்காரரோடு சண்டை போட்டு ஏழெட்டு வருடம் பேசாமல் இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் மட்டும் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகளிடம் அளவு கேட்பார். அப்பனிடம் முகம் கொடுக்க மாட்டார்.

1979-இல் அணையில் தேக்குகிற அளவை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மழை பொய்த்த வருடங்களில் ஜூன் 1 தள்ளிப்போகும், இரண்டாம் போகம் கேள்விக்குறியாகும். அந்த வருடங்களில் வீட்டை நிறுத்தியது மிஷின். ரெடிமேட் வந்து மிஷின் படுத்த வருடங்களில் வயல். எது எதைக் காப்பாற்றியது என்று கேட்டால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினைக்காகப் பள்ளத்தாக்கே கிளம்பி லோயர் கேம்ப் வழியாகக் குமுளியை நோக்கி நடந்தபோது, கடையைச் சாத்திவிட்டு அவரும் போனார். வாழ்நாளில் அவர் போன ஒரே ஊர்வலம் அதுதான். ராத்திரி கால் வீங்கித் திரும்பி வந்தவரிடம் பெரியம்மா, “இந்த வயசுல ஒங்களுக்கெதுக்கு?” என்றார். “தண்ணியில்லாட்டி என்னத்த வயசு” என்றார். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன அன்று ராவுத்தரைக் கடைக்கு அனுப்பி லட்டு வாங்கி வரச் செய்து, வந்த வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

அவருடைய அளவு நோட்டுகளைப் பெரியம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். நீள நோட்டுகள், காப்பி நிற அட்டை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். நீளம், தோள், மார்பு, இடுப்பு, கை, காலர் என்று அவருடைய சாய்ந்த எழுத்தில் எண்கள். பெயருக்குப் பதிலாகப் பல இடங்களில் ‘பால்காரர் மூத்த பையன்’, ‘மேட்டுத்தெரு டீச்சரம்மா மகன்’ என்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் அதே பையனுக்கு மார்பு ஒரு இஞ்ச், கை ஒன்றரை இஞ்ச் கூடிக்கொண்டே போகிறது. சிலருடைய அளவு ஒரு வருடத்தோடு நின்றுவிடுகிறது. ஊரை விட்டுப் போனார்களோ, ரெடிமேடுக்குப் போனார்களோ. என் அப்பாவின் கல்யாணச் சட்டை அளவும் அதில் இருக்கிறது. ஓரத்தில் ‘தோள் இடது பக்கம் அரை இறக்கம், தெரியாமல் தைக்க’ என்று எழுதியிருக்கிறார். அப்பாவின் இடது தோள் அப்படி இறங்கியிருக்கும் என்பது எழுபது வயதுவரை அப்பாவுக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

ஃப்ளெக்ஸில் கடைசியில் அவர் பெயரையும் ‘டெய்லர்’ என்பதையும் தேதிகளையும் மட்டும் போடச் சொன்னேன். சித்தப்பாக்களுக்கு மனசில்லை. நாலு வார்த்தை நல்லதாக எழுதக்கூடாதா என்றார்கள். பதினாறாம் நாள் பந்தி முடிந்து எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. எங்களைப் படிக்க வைத்தாரே, அதையாவது போட்டிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அப்போதுதான் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள், எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள்.

“ஒங்களையெல்லாம் படிக்க வெச்சாரு, சரி சித்தப்பா. நானும் ப்ளஸ் டூல நல்ல மார்க்குத்தேன் எடுத்தேன். டைப்ரைட்டிங்கோட நிப்பாட்டிட்டாருல்ல. அதையும் சேத்துப் போடுவீகளா?”

யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும் மெல்ல, “அதச் சொல்லித்தேன் அவரு கடேசி வரைக்கும் மருகிக்கிட்டு இருந்தாரு” என்றார். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த பிரியம் எங்கள் எல்லாருடையதையும்விடப் பெரிது. படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் குளிப்பாட்டியது அவள்தான். அவளுடைய கேள்வியும் அந்தப் பிரியத்துக்குள்ளேயே இருந்தது. ஃப்ளெக்ஸில் எந்த வாசகம் போட்டாலும் அந்தக் கேள்விக்கு இடம் இருந்திருக்காது.

இப்போது வயலை அக்காதான் பார்க்கிறாள். இரண்டாம் போகம் ஆர்.என்.ஆர். ரக நெல் போட்டிருந்தாள், பரவாயில்லாமல் விளைந்தது. நான் போன் செய்தபோது வரப்பில் நின்றுகொண்டு பக்கத்து வயல்காரரின் மகனோடு தண்ணீர் முறைக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். “பொறு தம்பி, பெறகு பேசுறேன், இவன் மடையத் திறந்துக்கிட்டு நிக்கிறான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.